புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில்: வரலாறு எழுதப் போய்க் கற்றுக்கொண்டவை

ஜூலை கடைசி வந்துவிட்டால் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜாமில் குலிம் சாலையில் வண்டி நகராது. புனித அன்னம்மாள் திருநாள் 26-ஆம் தேதி. கோலாலம்பூர், ஈப்போ, சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர்கள் என்று சொல்ல முடியாது. நெற்றியில் திருநீறோடு வந்து, மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகும் குடும்பங்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். பிள்ளை வரம், நோய், மகனுக்கு வேலை என்று ஆளுக்கொரு வேண்டுதல்.

இந்தக் கோயிலின் கதையைக் கேட்டால் புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து ஆட்கள் பலரும் நாலு வரி சொல்லிவிடுவார்கள். பாரிஸ் மறைபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுச் சாமியார் கூவெலான் 1846-ல் குன்றின் மேல் ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 1888-ல் சொரேன் சாமியார் காலத்தில் இன்று நாம் ‘பழைய கோயில்’ என்கிற கட்டடம் வந்தது. 1948-ல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்து, அந்த வட்டாரம் கம்யூனிஸ்டுகள் நடமாடும் ‘கறுப்புப் பகுதி’ என்றாகிக் கோயில் மூடப்பட்டது. 1960-ல் அவசரகாலம் முடிந்தும் உடனே திறக்கவில்லை, 1977 வரை ஆயிற்று. 2002-ல் கொம்பு போல வளைந்த மினாங்கபாவ் கூரை போட்ட பெரிய கோயில், 2019-ல் ரோம் தரும் சிறப்பான பசிலிக்கா என்ற தகுதி. அவ்வளவுதான்.

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கட்டினவர் பெயர் இருக்கிறது, கல் சுமந்தவர் பெயர் இல்லை. தொடக்கத்தில் இங்கே கூடிய சபை பெரும்பாலும் ஹக்கா சீனக் குடியானவர்கள். அப்புறம் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் வந்த தமிழர்கள் சேர்ந்துகொண்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ஆட்கள் மட்டும் அதே லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தார்கள். என் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் தலைமுறை இந்தக் கோயிலுக்கு எப்படி வந்தது, யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள், எந்த மொழியில் செபம் சொன்னார்கள் என்று எழுதிவைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் வேலையைத் தொடங்கினேன். செய்யச் செய்யத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். தங்கள் ஊர்க் கோயிலுக்கு இதையே செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் காகிதம் எங்கே இருக்கிறது என்பது. எங்கள் தோட்டத்தில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. மாதம் ஒருமுறை வெளியிலிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார். தோட்டம் கைமாறியபோது ஆபீஸ் காகிதங்களை அள்ளிப் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகம், தோட்டத்து எழுத்தரான கிராணி எழுதின பெயர்ப் பட்டியல் எல்லாம் சாம்பல். கோயிலும் போய்விட்டது. இனி ஒன்றும் கிடைக்காது என்றுதான் எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். ஆனால் தோட்டத்துக் கோயிலில் கொடுத்த ஞானஸ்நானம் தோட்டத்தில் பதிவாவதில்லை. வந்து போன சாமியார் எந்தப் பங்கை, அதாவது எந்தக் கோயிலின் ஆளுகைப் பகுதியைச் சேர்ந்தவரோ அந்தப் பங்கின் பதிவேட்டில்தான் ஏறும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. புதுப் பங்கு ஒன்று பிரிந்து போகும்போது பழைய பதிவேடு தாய்ப் பங்கிலேயே தங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைக்கு எந்தக் கோயில் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அந்த வருஷத்தில் எந்தக் கோயிலிலிருந்து சாமியார் வந்தார் என்று விசாரியுங்கள்.

பதிவேட்டைப் பார்க்கப் பங்குத் தந்தையின் அனுமதி வேண்டும். அது பொது நூலகப் புத்தகம் இல்லை. என்ன தேடுகிறோம், எந்த ஆண்டுகள், எதற்காக என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொண்டுபோங்கள். திருவிழா சமயத்திலும் தவக்காலத்திலும் போய் நிற்காதீர்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

பழைய பதிவேடு ஒன்றை முதன்முதலாகத் திறந்த ஞாபகம் அப்படியே இருக்கிறது. அகலமான புத்தகம். முதுகுத் தோல் உதிர்ந்து பழுப்புத் தூளாகக் கையில் ஒட்டியது. கறுப்பாக இருந்திருக்க வேண்டிய மை துருவின் நிறத்துக்கு மாறியிருந்தது. அழுத்தி எழுதிய இடங்களில் காகிதத்தையே அரித்து, எழுத்தின் வடிவத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அந்தக் காலத்து இரும்பு மை செய்யும் வேலை அது. ஒவ்வொரு பதிவும் நாலைந்து வரி, எல்லாம் லத்தீன். பார்த்ததும் மலைக்க வேண்டாம், எல்லாம் ஒரே வார்ப்பு. இந்த ஆண்டு, இந்த மாதம், இந்த நாள், இன்னார் மகனுக்கு அல்லது மகளுக்கு நான் ஞானஸ்நானம் கொடுத்தேன். ஞானத்தகப்பன் இவர், ஞானத்தாய் இவர். கீழே சாமியார் கையெழுத்து. ‘பாப்திசாவி’ என்றால் ஞானஸ்நானம் கொடுத்தேன். ‘ஃபிலியுஸ்’ மகன், ‘ஃபிலியா’ மகள், ‘பத்ரினுஸ்’ ஞானத்தகப்பன், ‘மத்ரினா’ ஞானத்தாய். இந்த ஐந்து சொற்களோடு மாதப் பெயர்களையும் தெரிந்துகொண்டால் போதும், ஒரு பக்கம் தாண்டுவதற்குள் கண் பழகிவிடும்.

மாதத்தில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. 7 என்ற எண்ணைப் போட்டுப் பக்கத்தில் ‘ப்ரிஸ்’ என்று சின்னதாக எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். அதேபோல 8 போட்டிருந்தால் அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். பழைய ரோமானியக் கணக்கில் மார்ச்சிலிருந்து எண்ணிய பழக்கம் இது. இது தெரியாமல் எழுதினால் குழந்தை பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கிவிடும்!

அடுத்து, பெயர்கள். எழுதினவர் பிரெஞ்சுக்காரர். ‘உ’ ஒலிக்கு அவர்கள் ஓ, யு இரண்டு எழுத்தையும் சேர்த்துப் போடுவார்கள். சவரிமுத்து என்ற பெயரை ஆங்கிலேயர் எழுதியிருந்தால் ஒரு மாதிரி, பிரெஞ்சுச் சாமியார் எழுதியிருந்தால் வேறு மாதிரி. புதுச்சேரிப் பத்திரங்களில் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பாரிஸ் சபைதான் புதுச்சேரி மிஷனையும் நடத்தியது, எழுத்துப் பழக்கமும் ஒன்றுதான். எழுத்துக்கூட்டிப் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பெயர் வந்துவிடும். இன்னொன்று, ஞானஸ்நானப் பெயரை லத்தீனில் போட்டிருப்பார்கள். ராயப்பன் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சந்தியாகு யாக்கோபுஸ். வீட்டில் கூப்பிட்ட பெயர் எங்கும் இருக்காது. தாத்தாவைத் தேடுகிறவர்கள் அவர் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் ஆள் சரியானவர் என்று உறுதி சொல்ல முடியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பக்கத்தில் மூன்று அந்தோணிசாமி இருப்பார்கள்.

ஓரக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். 1908-ல் அமலுக்கு வந்த ரோமின் ஆணைப்படி, ஒருவர் எங்கே கல்யாணம் செய்துகொண்டாலும் அவர் ஞானஸ்நானம் வாங்கின பங்குக்குத் தகவல் அனுப்பி, அந்தப் பதிவின் ஓரத்திலேயே குறிக்க வேண்டும். ஒரு குழந்தையின் பதிவுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருஷம் கழித்து வேறு மையில், வேறு கையெழுத்தில், வேறொரு ஊரின் பெயர் இருக்கும். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவை இந்த ஓரக் குறிப்புகள்தான்.

ஞானப்பெற்றோர் பெயர்களையும் ஒரு தனித் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. சொந்தம் பந்தம் இல்லாத பத்துக் குடும்பங்களுக்கு ஒரே ஆள் ஞானத்தகப்பன் என்றால் அவர் சாதாரண ஆள் இல்லை. பெரும்பாலும் உபதேசியார், இல்லாவிட்டால் கங்காணி. சாமியார் மாதம் ஒரு நாள் வந்தார். மற்ற நாட்களில் செபமாலை சொல்லி, சாகக் கிடந்தவர்களுக்குத் துணை இருந்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, ஜூலை மாதம் எல்லோரையும் திரட்டி அன்னம்மாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் உபதேசியார். எங்கள் மக்களின் சபையைக் கட்டிக் காத்தவர் அவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் எந்தத் திருவிழா மலரிலும் உபதேசியார்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. பங்குத் தந்தையர் பட்டியல் மட்டும் தவறாமல் இருக்கும்.

அந்தப் பட்டியலைச் சரிபார்ப்பது சுலபம். பாரிஸ் சபையின் ஆவணக் காப்பகம் பாரிஸில் இருக்கிறது. ஆசியாவுக்கு அனுப்பிய ஒவ்வொரு மறைபோதகரைப் பற்றியும் வாழ்க்கைக் குறிப்பை இணையத்தில் வைத்திருக்கிறார்கள், இலவசம். பிரெஞ்சில்தான் இருக்கும், கணினி மொழிபெயர்ப்பே போதுமானது. மலாக்கா மிஷனின் ஆண்டு அறிக்கைகளும் அங்கே உண்டு. நாளிதழ்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பைப் பாருங்கள். அதில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு எல்லாம் உண்டு. ஊர் பெயரைப் போடுவதோடு ‘ப்ராவின்ஸ் வெல்லெஸ்லி’ என்றும் தேடுங்கள், பழைய செய்திகளில் செபராங் பிறை என்று இருக்காது.

காகிதத்தில் இல்லாதது பெரியவர்களிடம் இருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ரெக்கார்டரை நீட்டி ‘எந்த வருஷம்’ என்று கேட்டால் பெரியவர்கள் சுருங்கிவிடுவார்கள். என் அத்தை எண்பது வயதைத் தாண்டியவர். ஒரு வருஷமும் அவருக்குத் தேதியாக நினைவில் இல்லை. ஆனால் ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னா பின்னா, மெர்டேகாவுக்கு (சுதந்திரத்துக்கு) முன்னா பின்னா, பாலம் திறந்தபோது எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனது என்று கேட்டால் துல்லியமாகச் சொல்வார். பினாங்குப் பாலம் திறந்தது 1985. அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

“ஜெட்டி விழுந்த வருஷம் நான் கோயிலுக்குப் போகலப்பா, அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூட விடல” என்றார் அத்தை. பினாங்குக்காரர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் அன்னம்மாள் திருவிழாக் கூட்டமும் சீனர்கள் கும்பிடும் குவான் யின் தெய்வத்தின் விழாக் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்து நெரிந்தபோது நடைமேடை இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், 1,600-க்கும் அதிகமானோர் காயப்பட்டார்கள். பழைய கோயில் கட்டி நூறு வருஷம் ஆன ஆண்டு அது. நூற்றாண்டு விழாவைப் பற்றி நான் கேட்டவர்களில் விழாவை முதலில் சொன்னவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் ஜெட்டியைத்தான் சொன்னார்கள். கோயில் வரலாறு எழுதினால் இதையும் அதில் எழுத வேண்டும். கோயில் வளாகத்துக்கு வெளியே நடந்தது என்று விட்டுவிடக் கூடாது.

கறுப்புப் பகுதிக் காலத்தைப் பற்றி அத்தையிடம் கேட்டபோது அரசியல் எதுவும் வரவில்லை, சாப்பாடுதான் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று அன்றைய அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. தோட்டத்து கேட்டைத் தாண்டி அரிசி கொண்டுபோகக் கூடாது. “தூக்குச் சட்டியத் திறந்து காட்டணும். அடியில கரண்டிய விட்டுக் கிண்டிப் பாப்பான்” என்று கையால் கிண்டியே காட்டினார். அதற்கு முன்பெல்லாம் திருவிழாவுக்கு லாரியில் அரிசி மூட்டை, கருவாடு, விறகு எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், கோயில் மரத்தடியில் அடுப்பு மூட்டி, ராத் தங்கி வந்த ஜனங்கள். கையில் அரிசி இல்லாமல் எப்படி இரண்டு நாள் தங்குவது? பழைய கோயிலுக்குப் போகும் வழியும் அடைபட்டது, கூடிச் சாப்பிடும் வழியும் அடைபட்டது. ‘கோயில் மூடப்பட்டது’ என்ற ஒற்றை வரிக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

அதனால் பெரியவர்களிடம் பேசும்போது எதில் போனீர்கள், என்ன சமைத்தீர்கள், தேரை யார் தூக்கினார்கள், எந்தப் பாட்டுப் பாடினீர்கள் என்று தொடங்குங்கள். ஆண்டைப் பிறகு நாமே பதிவேட்டோடும் நாளிதழோடும் பொருத்திக்கொள்ளலாம். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும். பேசினதை அன்றைக்கே எழுதிவிடுங்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே.

கோயில் வளாகத்தில் இன்னொன்றையும் பார்க்காமல் வராதீர்கள். செரோக் தொக்குன் கல்வெட்டு. பெரிய பாறையில் பல்லவ எழுத்துமுறையில் சமஸ்கிருத வாசகங்கள், ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணிக்கிறார்கள். ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதை 1845-ல் கண்டெடுத்துப் பதிவு செய்தார். குன்றின் மேல் சிற்றாலயம் எழுந்தது அதற்கு அடுத்த ஆண்டு. கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்பொருட்களைத் தேடிப் பதிவு செய்தவரும் இதே லோதான். கப்பலேறி இங்கே வந்த முதல் தலைமுறை நாம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளை இந்தக் கல்லின் முன்னால் ஒருமுறை நிறுத்துங்கள். திருவிழாக் கூட்டத்தில் பலரும் பார்க்காமலே கடந்து போகிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு வருஷமும் வருத்தமாக இருக்கிறது.

கல்லறைகளைப் பற்றிச் சுருக்கமாக. பாசி பிடித்த எழுத்தைப் படிக்க சாக்பீஸ் தேய்ப்பது, கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது, ஆசிட் ஊற்றுவது எதுவும் வேண்டாம், கல் கெட்டுவிடும். காலையில் சாய்ந்த வெயிலில் போங்கள். வெயில் நேராக விழும் கல்லென்றால் ஒரு கண்ணாடியைப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் அடியுங்கள், எழுத்து எழும்பி நிற்கும். அப்படியே படம் எடுத்துக்கொள்ளலாம்.

பதிவேட்டைப் படம் எடுக்கும்போதும் ஃப்ளாஷ் போடாதீர்கள். சன்னல் ஓரத்து வெளிச்சமும் காய்ந்த, சுத்தமான கையும் போதும். நல்ல எண்ணத்தில் சிலர் செய்யும் பெரிய கேடு லாமினேட் செய்வது. கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டுவதும் அப்படித்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். அமிலம் இல்லாத அட்டைப் பெட்டியில், தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். கரையான் முதலில் சுவர் ஓரமாகத்தான் ஏறும்.

எதை அச்சிடக் கூடாது என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பதிவேட்டில் ‘தகப்பன் தெரியவில்லை’ என்று லத்தீனில் எழுதிய பதிவுகள் இருக்கும். தத்துப் பிள்ளைகள் இருக்கும். இன்னொரு மதத்தவரைக் கட்டிக்கொண்டதற்கு வாங்கிய விதிவிலக்குகள் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு நமக்கு முன்வரிசையில் உட்கார்ந்து பூசை காண்கிறார்கள். எண்ணிக்கையாகச் சொல்லலாம், பெயராகச் சொல்லக் கூடாது. அப்படி ஒரு பதிவைக் கண்டபோது நான் குறிப்பேட்டில்கூடப் பெயரை எழுதவில்லை. குடும்பத்தார் தாங்களாக வந்து கேட்டால் பங்குத் தந்தையிடம் அனுப்பிவிடுவேன். அதற்கு மேல் போக நமக்கு உரிமை கிடையாது.

எடுத்த படங்களை ஆண்டு, பதிவேடு, பக்கம் என்ற வரிசையில் பெயரிட்டு மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று பங்கு அலுவலகத்தில், அவர்கள் சொத்தாக. இப்போது உபதேசியார்களின் பெயர்களைத் தோட்டவாரியாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். 1948-க்கு முந்தைய அன்னம்மாள் திருவிழாப் படங்கள் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். பெயர்களைப் படத்தின் பின்னால் எழுதுங்கள், மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.